பெயர்ந்தோரும் பெயர்க்கப்பட்டோரும்: பிரிவினைக் காலச் சொற்களும் தமிழ் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

இயற்கைச் சீற்றத்தாலோ வன்முறையாலோ ஒரு மக்கட்கூட்டம் தன் இடத்தை இழக்கும்போது அதற்கு வழங்கப்படும் பெயர் வெறும் அடையாளமாக நின்றுவிடுவதில்லை. நிவாரணம் யாருக்கு, இழப்பீடு எதற்கு, திரும்பி வரும் உரிமை உண்டா என்னும் வினாக்களுக்கான விடைகள் அப்பெயரிலேயே அடங்கியுள்ளன. ஆகவே பேரழிவையும் பெருவன்முறையையும் பற்றிய நூல்களை மொழிபெயர்ப்போர் கைக்கொள்ளும் சொல், நடையழகு சார்ந்த தேர்வு மட்டுமன்று. பொருளியல், சமூகவியல் சார்ந்த தேர்வுமாகும்.

1947ஆம் ஆண்டின் பிரிவினையைப் பற்றிய இந்தி, உருது, பஞ்சாபி, வங்காள எழுத்துகள் தமிழாக்கம் பெறும்போது, மூலத்தில் வெவ்வேறாக நிற்கும் பல சொற்கள் 'அகதி' என்னும் ஒரே சொல்லில் ஒடுங்கும் போக்கு காணப்படுகிறது. அண்மைக் கால ஆவண மொழியில் அவ்விடத்தை 'இடம்பெயர்ந்தோர்' என்பது பிடித்து வருகிறது. இவ்விரு சொற்களும் எவற்றை உணர்த்துகின்றன, எவற்றை மறைக்கின்றன என்பதைத் தில்லியின் கரோல் பாக் பகுதியைச் சான்றாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கரோல் பாக்: ஒரே தெருவில் இரு திசைப் பெயர்வு

கரோல் பாக் தொடக்கத்திலிருந்தே பெயர்க்கப்பட்டோரின் குடியிருப்பாகும். 1911இல் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறியபின், புது தில்லியை எழுப்புவதற்காக அகற்றப்பட்ட ஊர்களின் மக்கள் சிலர் இங்குக் குடியமர்த்தப்பட்டனர். அக்கிம் அஜ்மல் கான் நிறுவிய திப்பியாக் கல்லூரியை 1921இல் காந்தியடிகள் இங்குத் திறந்து வைத்தார். அலிகாரில் தோன்றிய ஜாமியா மில்லியா இஸ்லாமியா 1925இல் கரோல் பாக்குக்கு வந்து, பின்னர் ஓக்லாவுக்குச் சென்றது. இவ்வாறு பிரிவினைக்கு முன் இப்பகுதி முஸ்லிம் கல்வி, மருத்துவ மரபுகளின் ஓர் இருப்பிடமாக விளங்கிற்று.

1947 செப்டம்பரில் தில்லியில் மூண்ட வன்முறையில் கரோல் பாக், பஹாட்கஞ்ச், சப்ஜி மண்டி ஆகிய பகுதிகள் பெரிதும் தாக்குண்டன. அங்கிருந்த முஸ்லிம்கள் புராணா கிலாவிலும் ஹுமாயூன் கல்லறை வளாகத்திலும் தஞ்சமடைந்தனர். அவர்களுள் பலர் அங்கிருந்து பாகிஸ்தான் சென்றனர். அதே காலத்தில் மேற்குப் பஞ்சாபிலிருந்தும் எல்லைப்புற மாகாணத்திலிருந்தும் சிந்துவிலிருந்தும் இந்துக்களும் சீக்கியரும் தில்லிக்கு வந்து சேர்ந்தனர். 1941இல் ஏறத்தாழ 9.18 லட்சமாக இருந்த தில்லியின் மக்கள்தொகை 1951இல் 17.44 லட்சமாயிற்று; 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இவர்களுள் ஏறத்தாழ 4.95 லட்சம் பேரைப் பிரிவினையால் வந்தோராகக் காட்டுகிறது. 1941இல் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினராக இருந்த முஸ்லிம்கள் 1951இல் நூற்றுக்கு ஆறு பேர் என்னும் அளவிற்குக் குறைந்தனர்.

இவ்வெண்களின் பொருள் கரோல் பாக்கின் கடைத்தெருவில் புலப்படும். வந்தோருக்கு நிவாரணம் தேவைப்பட்டது; அதனினும் மிகுதியாகத் தொழில் செய்ய ஓர் இடம் தேவைப்பட்டது. நடைபாதைக் கடைகளும் சிறு வணிகமும் பெருகின. எல்லை காந்தி எனப்பட்ட கான் அப்துல் கஃபார் கானின் பெயரால் கஃபார் சந்தை எழுந்தது. ஆட்கள் மாறினும் அஜ்மல் கான் சாலை என்னும் பெயர் மாறவில்லை. அரசுப் பணிக்கு வந்து இப்பகுதியில் வாடகைக்குக் குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள், இம்மாற்றத்தின் விளைவுகளைத் தம் அண்டை வீட்டாரிடம் கண்டன. ஆயினும் அவ்வண்டை வீட்டாரின் சொற்களைத் தமிழில் வேறுபடுத்திக் காட்டும் கலைச்சொல் மரபு உருவாகவில்லை.

3. சட்டச் சொற்களின் இலக்கணம்

பிரிவினையின் பொருளாதார விளைவுகளை நெறிப்படுத்த இயற்றப்பட்ட சட்டங்களுள் இரண்டு ஈண்டு நோக்கத்தக்கன. ஒன்று, வெளியேறியோரின் சொத்தை நிர்வகிக்க 1950இல் இயற்றப்பட்டது. மற்றொன்று, வந்தோருக்கு இழப்பீடும் மறுவாழ்வும் வழங்க 1954இல் இயற்றப்பட்டது. முன்னதன்படி சொத்துகள் 'கஸ்டோடியன்' எனப்பட்ட காப்பாளரின் பொறுப்பில் சேர்ந்தன. பின்னதன்படி அச்சொத்துகள் இழப்பீட்டுத் தொகுதியின் பகுதியாயின. ஆகவே கரோல் பாக்கின் ஒரே வீடு முதற்சட்டத்தில் ஒருவர் விட்டுச் சென்ற சொத்தாகவும், இரண்டாம் சட்டத்தில் மற்றொருவருக்கு உரிய ஈடாகவும் தோற்றமளிக்கக் கூடும்.

இவ்விரு சட்டங்களின் வரையறைகளையும் ஒப்பிடுவோர்க்கு ஓர் உண்மை விளங்கும். இரண்டும் ஒரே காரணத்தைக் கூறுகின்றன: இரு நாடுகள் அமைந்தமை, உள்நாட்டுக் குழப்பம், அல்லது அதைப் பற்றிய அச்சம். இரண்டும் ஒரே நாளை எல்லையாகக் கொள்கின்றன: 1947 மார்ச் 1. காரணமும் காலமும் ஒன்றாயிருக்க, மனிதருக்கு இட்ட பெயர் மட்டும் வேறாகிறது.

இந்திச் சட்ட வழக்கில் இவ்வேறுபாடு இலக்கண வடிவமே பெற்றுள்ளது. வந்தவர் 'விஸ்தாபித்' எனப்படுகிறார். போனவரின் சொத்து 'நிஷ்கிராந்த்' சொத்து எனப்படுகிறது. இரண்டும் வடமொழியில் ஒரே எச்ச விகுதி பெற்றவை. எனினும் முன்னது பிறவினை அடியாகப் பிறந்து செயப்பாட்டுப் பொருள் தருகிறது: இடத்திலிருந்து அகற்றப்பட்டவர். பின்னது செலவுப் பொருள் உணர்த்தும் வினையடியாகப் பிறந்தது. அத்தகைய வினைகளோடு சேருமிடத்து அவ்விகுதி செய்வினைப் பொருளும் தரும் என்பது பாணினி இலக்கண மரபு. ஆகவே அதன் பொருள், வெளியே சென்றவர். முன்னவரை யாரோ அகற்றினர்; பின்னவர் தாமே சென்றார். அகற்றப்பட்டவர் ஈடு பெறுகிறார். சென்றவர் இருந்ததையும் இழக்கிறார். புராணா கிலாவுக்கு உயிர் தப்பி ஓடியவரையும் இச்சொல் தாமே சென்றவராக்கிவிடுகிறது.

இதனினும் நுண்ணியது, 'வெளியேற எண்ணியிருப்பவர்' என்னும் வகை. 1949ஆம் ஆண்டின் அவசரச் சட்டத்தில் புகுந்து 1950ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடம்பெற்ற இவ்வகை பின்னர் நீக்கப்பட்டது. இன்னும் பெயராதவரின் எதிர்காலச் செயலை நிகழ்காலத்திலேயே அவர்மீது ஏற்றிய பெயர் அது. ஒரு காலக் குறிப்பு ஒருவரது வீட்டின்மீதான உரிமையை ஐயத்திற்குரியதாக்கியது என்பது மொழியியலார் கருதத்தக்கது. இவ்விரு சட்டங்களும் 2005இல் நீக்கப்பெற்றன எனினும், அவை பழக்கிவிட்ட சொற்கள் இலக்கியத்திலும் பேச்சிலும் தங்கிவிட்டன.

இவற்றுள் எதையும் 'அகதி' என்னும் தமிழ்ச்சொல் சுமக்கவில்லை. 'அகதிகளின் சொத்து' என்று தமிழாக்கினால் அது வந்தவரின் சொத்தா, போனவரின் சொத்தா என்பதே தெரியாது.

4. மக்கள் வழக்கு

சட்டம் தந்த பெயர்களை மக்கள் அப்படியே ஏற்றுக்கொண்டாரல்லர். வட இந்தியப் பேச்சில் பரவிய 'சரணார்த்தி' என்னும் சொல் சரணத்தை, அதாவது புகலை, வேண்டுபவர் எனப் பொருள்படும். இரந்து நிற்பவர் என்னும் குறிப்பு அதில் இருந்தமையால் பஞ்சாபிலிருந்து வந்தோர் அதனை வெறுத்து, 'புருஷார்த்தி' என்று தம்மை அழைத்துக்கொள்ள விழைந்தனர். தம் முயற்சியால் எழுபவர் என்பது அதன் கருத்து. இரு சொற்களும் ஒரே ஈறு பெற்று ஒலியால் ஒத்து, பொருளால் எதிர்நிற்பவை. கரோல் பாக் வணிகரின் தன்மதிப்பு இவ்விரு சொற்களின் இடைவெளியில் அடங்கியுள்ளது எனலாம்.

இதனைத் தமிழாக்குவது எளிதன்று. 'புருஷார்த்தம்' என்னும் சொல் தமிழ் வாசகர்க்கு அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நாற்பொருளையே நினைவூட்டும். முயற்சியைக் குறிக்கும் 'தாளாண்மை' அடியாகத் 'தாளாளர்' எனலாமெனில், இக்காலத் தமிழில் அது பள்ளி நிர்வாகியைக் குறிக்கும். 'உழைப்பாளர்' என்பது தொழிலாளரைச் சுட்டும். ஆகவே மூலச்சொல்லை ஒருமுறை அப்படியே தந்து, 'கைமுயற்சியால் எழுந்தவர்' எனத் தொடரால் விளக்குவதே தக்கது.

வங்காளத்தில் வழங்கும் 'உத்பாஸ்து', 'பாஸ்துஹாரா' என்னும் சொற்கள் வேறொன்றை முன்னிறுத்துகின்றன. இரண்டிலும் வீட்டுமனையைக் குறிக்கும் 'வாஸ்து' உண்டு. மனையிலிருந்து வேரறுக்கப்பட்டவர், மனையை இழந்தவர் என்பன இவற்றின் பொருள். 1954ஆம் ஆண்டுச் சட்டம் மேற்குப் பாகிஸ்தானிலிருந்து வந்தோர்க்கே உரியதாயிருந்தமையின், கிழக்கு வங்காளத்தார் அவ்வகை இழப்பீடு பெறவில்லை. ஈடு பெறாதவரின் சொல் இழந்த மனையையே பற்றி நிற்பதும், ஈடு பெற்றவரின் சொல் முயற்சியைப் பற்றி நிற்பதும் எண்ணத்தக்கன. பாகிஸ்தானுக்குச் சென்றோர் ஏற்ற 'முஹாஜிர்' என்னும் பெயரோ நபிகள் நாயகத்தின் ஹிஜ்ரத்தை நினைவூட்டிப் பெயர்வுக்குச் சமயப் பெருமை சேர்க்கிறது. இந்நான்கையும் 'அகதி' எனத் தருவது நான்கு வரலாறுகளை ஒன்றாக்குவதாகும்.

5. மோகன் ராகேஷின் இரு கதைகள்

இச்சொற்களின் பொருளியல் உள்ளடக்கத்தை இந்திச் சிறுகதையில் கூர்மையாகக் காட்டியவருள் மோகன் ராகேஷ் குறிப்பிடத்தக்கவர். 'மல்பே கா மாலிக்' என்னும் கதையில், பிரிவினைக்கு ஏழரை ஆண்டுகளுக்குப் பின் ஆக்கிப் போட்டியைக் காண லாகூரிலிருந்து அமிர்தசரசுக்கு வருவோருடன் முதியவர் கனியும் வருகிறார். தம் மகன் கட்டிய புதுவீட்டைத் தேடுகிறார். அங்கு இருப்பது இடிபாடு மட்டுமே. மகனையும் குடும்பத்தையும் கொன்றவனான ரக்கா என்னும் பயில்வான் அவ்விடிபாட்டைத் தன் உடைமையாகக் கருதிக் காத்து வருகிறான். உண்மையறியாத முதியவர் அவனிடமே ஆறுதல் கொண்டு திரும்புகிறார்.

இத்தலைப்பின் இரு சொற்களும் மொழிபெயர்ப்பாளரின் கவனத்துக்குரியன. 'மல்பா' என்பது நிலநடுக்கத்திலும் கட்டட இடிப்பிலும் எஞ்சும் குவியலுக்கும் வழங்கும் பொதுச்சொல். அழிவின் காரணம் இயற்கையா மனிதனா என்பதை அது சொல்வதில்லை. அம்மௌனமே கதையின் கருவி. 'மாலிக்' என்பது சட்டப்படியான உரிமையாளரையும், உருது வழக்கில் இறைவனையும் குறிக்கும். 'இடிபாட்டின் உரிமையாளன்' எனத் தமிழாக்கின் முதற்பொருள் நிற்கும், இரண்டாவது போகும். 'இடிபாட்டுக்கு உடையவன்' என்பது இரண்டையும் ஓரளவு தாங்கும். 'உடையவன்' என்னும் தமிழ்ச்சொல் சொத்தாளனுக்கும் இறைவனுக்கும் ஒருங்கே வழங்குவதே இதற்குக் காரணம்.

'க்ளெய்ம்' என்னும் மற்றொரு கதை, டாங்கா ஓட்டுபவன் ஒருவனை மையமாகக் கொண்டது. அவன் வண்டியில் ஏறுவோர் தத்தம் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பற்றிப் பேசுகின்றனர். அவன் இழந்தவையோ எந்தப் படிவத்திலும் எழுத இயலாதவை. அக்காலச் சட்டம் அசையாச் சொத்துக்கே கோரிக்கையை ஏற்றது என்னும் செய்தியோடு இதனை இணைத்துப் படிக்க வேண்டும். வாடகைக்கு இருந்தவன், கூலிக்கு உழைத்தவன், உற்றாரை இழந்தவள் ஆகியோர் இழந்தவை அக்கணக்கில் சேரவில்லை. ஆங்கிலச் சொல்லையே ராகேஷ் தலைப்பாக்கியமைக்குக் காரணம் உண்டு. அலுவலக வாயிலில் நின்று நின்று வட இந்தியர் தம் சொல்லாகவே ஆக்கிக்கொண்ட சொல் அது. 'கோரிக்கை' எனத் தமிழாக்கின் அது மனுவின் தாழ்ந்த குரலைத் தரும். 'உரிமைக் கோரிக்கை' எனின் அது போராட்ட மேடையின் குரலாகும். 'க்ளெய்ம்' எனவே வைத்துக்கொள்வது சோம்பலன்று. மூலத்தின் சமூக ஒலியைக் காப்பதாகும். தில்லிக் கடைத்தெருவின் 'பக்டி'யை நகரத் தமிழர் 'பகடி' என்றே அறிவர். அதனை 'முன்பணம்' என்று மாற்றுவது பொருளையே திரிக்கும்.

6. தமிழில் அகதி, ஏதிலி, இடம்பெயர்ந்தோர்

'அகதி' என்பது கதியற்றவர் எனப் பொருள்படுவது. 'அகதி பெறுவது பெண்பிள்ளை, அதுவும் வெள்ளி பூராடம்' என்னும் பழமொழியில் வரும் அகதி எந்த ஊரையும் விட்டு ஓடியவர் அல்லர், துணையற்ற வறியவர். ஆகவே இச்சொல்லின் பழம்பொருளில் பெயர்வு இல்லை. புகலின்மை மட்டுமே உண்டு. அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' 1948ஆம் ஆண்டுச் செகந்திராபாத் சூழலைச் சித்திரிப்பது. அதன் முடிவில் கலவரத்துக்கு அஞ்சி நடுங்கும் முஸ்லிம் குடும்பம் தன் சொந்த வீட்டில்தான் இருக்கிறது. ஓடி வந்து உள்ளே நுழைபவன் கதைத்தலைவன். பழம்பொருளில் அக்குடும்பமே அகதி. தன் வீட்டிலிருந்தபடியே கதியற்றுப்போவோரைக் குறிக்க இச்சொல் பெரிதும் உதவும். அதனை எல்லை கடந்தோர் அனைவருக்கும் பொதுப்பெயராக்கியமையால் இவ்வாற்றல் மங்கிற்று.

'அகதி'க்கு மாற்றாகக் கொள்ளப்படும் 'ஏதிலி' என்பது ஏதும் இல்லாதவர் என்று விளக்கப்படுகிறது. ஆயினும் பண்டை இலக்கியத்தில் 'ஏதிலர்', 'ஏதிலார்' என்பன அயலாரைக் குறிப்பவை. வந்தவரை அயலார் என்று சுட்டும் நிழல் இச்சொல்லில் விழுவதை மறுக்க இயலாது. 'புலம்பெயர்' என்னும் தொடரோ பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்தில் பிற நாட்டார் கலந்து இனிது வாழ்ந்ததைக் குறிக்க வந்தது. 1983க்குப் பின் ஈழத்தமிழரின் சிதறலுக்கு அது பெயராயிற்று. வணிகத்தின் சொல் போரின் சொல்லானது பொருள்மாற்றத்தின் இயல்பே எனினும், விருப்பத்தோடு சென்றவர் என்னும் பழைய சாயல் அதில் எஞ்சியுள்ளது.

'இடம்பெயர்ந்தோர்' என்பதில் உள்ள குறை இலக்கணம் சார்ந்தது. இந்தியின் 'விஸ்தாபித்' செயப்பாட்டுப் பொருளது. சட்டத்தின் ஆங்கில மூலமும் அவ்வாறே. தமிழிலோ 'பெயர்தல்' தன்வினை, 'பெயர்த்தல்' பிறவினை. 'பெயர்ந்தோர்' என்றவுடன் பெயர்த்தவர் மறைகிறார். இந்தி, போனவரின் சொத்துக்கு மட்டும் தன்வினைப் பெயரிட்டது. தமிழ், வந்தவர், போனவர் அனைவரையும் தன்வினையில் நிறுத்திவிட்டது. இதற்கு ஒரு நடைக்கொள்கையும் துணைபோகிறது. 'படு' துணைவினை ஆங்கிலச் சாயல் என்றும் அதனைத் தவிர்ப்பதே நல்ல தமிழ் என்றும் மொழிபெயர்ப்பாளர்க்கு அறிவுறுத்தப்படுவதுண்டு. பொதுவாக இவ்வறிவுரை ஏற்கத்தக்கதே. ஆனால் செய்தவர் யார் என்னும் வினாவையே மூலம் எழுப்பும் இடத்தில் அதனைப் பின்பற்றினால், நடை செம்மையுறும், குற்றம் மறையும்.

பாதிக்கப்பட்டோர் இதனை உணர்ந்தே உள்ளனர். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் இலங்கையின் வட மாகாணத்திலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் அந்நிகழ்ச்சியை 'இடப்பெயர்வு' என்பதைவிட 'வெளியேற்றம்' என்றே வழங்குகின்றனர். 'வெளியேறுதல்' அன்று; 'வெளியேற்றுதல்' என்னும் பிறவினையின் பெயர். ஒரு வல்லொற்றில் ஒரு சமூகத்தின் வழக்கு அடங்கியுள்ளது. தமிழ்நாட்டில் 2021இல் இலங்கை அகதிகள் முகாம்கள் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள்' என அரசால் பெயர் மாற்றப்பட்டன. அச்சொல்லின் சுமையை அரசே ஒப்புக்கொண்டமைக்கு இது சான்று. எனினும் பெயர் மாறியதனால் குடியுரிமை கிட்டிவிடாது என்பதும் உண்மை.

7. இயற்கைச் சீற்றமும் அதே சொற்களும்

1998இல் ஐக்கிய நாடுகள் அவை முன் வைக்கப்பட்ட உள்நாட்டு இடப்பெயர்வு பற்றிய வழிகாட்டு நெறிகள், ஆயுத மோதலால் ஓடுவோரையும் பேரிடரால் ஓடுவோரையும் ஒரே வரையறையில் சேர்த்தன. நிவாரண நோக்கில் இது நன்மையே. மொழிபெயர்ப்பு நோக்கிலோ விழிப்புத் தேவைப்படுகிறது. கடலுக்குச் செய்தவர் என்னும் பொறுப்பு இல்லை, கூட்டத்துக்கு உண்டு. ஒரே சொல்லால் இரண்டையும் வழங்கும்போது வன்முறையும் இயற்கைபோல் தோன்றத் தொடங்கும். 'கலவரம் வெடித்தது', 'வன்முறை மூண்டது' என்னும் தமிழ்த் தொடர்கள் எரிமலைக்கும் நெருப்புக்கும் உரிய வினைகளை மனிதச் செயலுக்கு ஏற்றுவதும் இதன்பாற்பட்டதே.

மறுதலையாக, இயற்கைச் சீற்றத்தின் பின்விளைவு முழுவதும் இயற்கையன்று. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடலோரத்தில் இழந்த படகுக்குப் படகுடையோர் உதவி பெற்றனர். படகில் கூலிக்குச் சென்றோரும் தலைச்சுமையாக மீன் விற்ற பெண்களும் தம் இழப்பை மெய்ப்பிக்கச் சொத்து இல்லாது நின்றனர். 'க்ளெய்ம்' கதையின் டாங்காக்காரனுக்கும் இவர்களுக்கும் இடையே அரை நூற்றாண்டு இருப்பினும் சிக்கல் ஒன்றே. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வாழ்ந்தோர் அப்பால் கட்டித்தரப்பட்ட வீட்டுக்குச் செல்வதைத் தேர்ந்துகொள்ளலாம். செல்லாதோர்க்கு அரசின் வீட்டுதவி இல்லை என 2005ஆம் ஆண்டு அரசாணை வகுத்தது. அவ்வாறு சென்றவர் பெயர்ந்தவரா, பெயர்க்கப்பட்டவரா என்பது எளிதில் விடை காண இயலாத வினா. இதற்கு வழங்கும் 'மீள்குடியேற்றம்' என்னும் சொல்லும் தெளிவற்றது. 'மீள்' என்பது திரும்புதலையும் மறுபடியும் செய்தலையும் உணர்த்துவதால், பழைய ஊருக்குத் திரும்பியவரும் வேற்றிடத்தில் அமர்த்தப்பட்டவரும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடுகின்றனர். 'ஊர்திரும்பல்', 'மாற்றிடக் குடியமர்வு' எனப் பிரித்து வழங்குதல் இக்குழப்பத்தை நீக்கும்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் சில வரையறைகள் பெறப்படுகின்றன. மக்கள் தம்மைத்தாமே அழைத்துக்கொள்ளும் பெயரை மொழிபெயர்ப்பாளர் மாற்றாது காத்தல் வேண்டும். சட்டப் பெயர்களில் வினையின் பாங்கு காக்கப்படல் வேண்டும்: வந்தோர்க்கு 'இடம்பெயர்க்கப்பட்டோர்' எனவும், போனோரின் உடைமைக்கு 'நீங்கியோர் சொத்து' எனவும் வழங்கலாம். பின்னதில் உள்ள தன்வினை சட்டத்தின் சார்பைத் திருத்தாமல் அப்படியே காட்டும். திருத்துவது மொழிபெயர்ப்பாளரின் பணியன்று. இலக்கிய நடையில் 'படு' இடர்ப்படுத்துமாயின் 'விரட்டுண்டோர்', 'துரத்துண்டோர்' என உண்-ஈற்றுச் செயப்பாட்டு வடிவங்கள் உள்ளன. 'அகதி'யை விலக்க வேண்டியதில்லை. புகலின்மையே பொருளாகும் இடத்துக்கு அதனை ஒதுக்குதல் போதும்.

இவ்வாறு செய்வதால் வாசிப்பு சற்றுக் கடினமாகும், ஒரு சொல்லுக்குப் பல சொற்கள் பெருகும் என்னும் தடை எழலாம். கரோல் பாக்கில் ஒரு வீட்டின் கதவுக்கு உள்ளும் புறமும் நின்ற இருவர்க்கு இரு பெயர்கள் இருந்தன. அப்பெயர்களைக் கொண்டே ஒருவர் சாவியைப் பெற்றார், மற்றவர் இழந்தார். மூலத்தில் வாழ்வையே பிரித்த சொற்களை எளிமை கருதித் தமிழில் ஒன்றாக்குதல் ஏற்புடைத்தன்று.